கைக்கும் கிழங்கு

குவைத்
12.02.2022

அன்புள்ள அக்காவுக்கு,

யசோதரா எழுதுவது. நான் நல்ல சுகம். நீங்களும் சிவபாதம் அத்தானும் என்னுடைய நிவேதிகாவும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் நினைத்துக்கொள்கிறேன். இங்கே விளக்கு இல்லை, நேரம் மட்டும்தான் இருக்கிறது.

வந்து இறங்கிய அன்றே மேடம் என் போனை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். ஒப்பந்தம் முடிந்து திரும்பும்போதுதான் தருவாராம். ஆனபடியால் இனிக் கடிதம்தான். இந்த வீட்டின் சாரதி மூதூர்க்காரர், இன்ஷாப் என்று பெயர். அவரோடு நின்று கதைக்க ஏலாது. குப்பைப் பையை வெளியே வைக்கும்போது கடிதத்தையும் கொடுத்துவிட்டால் தபாலில் போடுவார். உங்கள் பதிலை அவருடைய அறை முகவரிக்கு அனுப்புங்கோ. பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

வேலை கஷ்டம் என்று சொல்ல மாட்டேன். மேடத்தின் தாயாரைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, மற்ற வேலைகளையும் பார்க்க வேண்டும். போன கிழமை மேடத்தின் மகளின் பிறந்தநாள். கேக்குக்கு மேலே சின்னச் சின்ன ஊதாப் பூக்களை வைத்திருந்தார்கள். வடிவுக்கென்று நினைத்து நான் எடுத்து ஓரமாக வைக்கப் போனேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பூவையும் சேர்த்துத்தான் தின்கிறார்கள். எனக்கு உங்களுடைய அகத்திப்பூ வறை ஞாபகம் வந்து வாயூறிப் போனது.

நிவேதி பள்ளிக்கூடம் போகும்போது தலையை இறுக்கி இரட்டைப் பின்னல் போட்டுவிடுங்கோ. தளரவிட்டால் பத்து மணிக்குள் அவிழ்த்துப்போடுவாள். அவளுடைய தகப்பன் கடலோடு போன பிறகு அவளுக்கு நீங்கள்தான் எல்லாம். அத்தானை மருந்தை ஒழுங்காகப் போடச் சொல்லுங்கோ.

இப்படிக்கு
அன்புத் தங்கை
யசோ


கட்டைபறிச்சான்
14.03.2022

அன்புத் தங்கை யசோவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே மூவரும் சுகம். உன் சுகத்துக்குப் பிள்ளையார் துணை.

நாட்டு நிலைமையை நீ அங்கே டிவியில் பார்ப்பாய். காஸ் இல்லை, கோதுமை மா இல்லை, பெற்றோலுக்கு ஆட்கள் நாள்கணக்கில் வரிசையில் கிடக்கிறார்கள். உரப்பசளை கிடைக்காததால் வயலில் அரைவாசியும் விளையவில்லை. அத்தான் வெட்டிய நெல்லைப் பார்த்துக்கொண்டு வரம்பிலேயே இருந்துவிட்டார். நான் போய்த்தான் கூட்டிக்கொண்டு வந்தேன். எங்களுக்கு விறகு இருக்கிறது, கிணறு இருக்கிறது, வேலியில் இலை இருக்கிறது. சமாளிப்போம்.

இப்போது ஊரில் எல்லோரும் வேலி வேலியாகத்தான் கறி தேடுகிறார்கள். முசுட்டை, குறிஞ்சா, ஆவாரம்பூ, அகத்திப்பூ, ஒன்றும் மிஞ்சுவதில்லை. பக்கத்து வீட்டு இலட்சுமி அக்கா முளைக்கீரை என்று ஒரு கட்டுப் பிடுங்கிக்கொண்டு வந்து காட்டினார். அதற்குள் இரண்டு ஊமத்தங்கன்று. சின்னதில் எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும். இலையைக் கசக்கி அவருடைய மூக்கில் பிடித்தேன். "ஐயோ, நாத்தம்" என்றார். "இந்த நாத்தம் வந்தா தொடாதையுங்கோ" என்று சொன்னேன். இப்போது நாலைந்து பெண்கள் சமைக்க முதல் என்னிடம் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போகிறார்கள். அத்தான் என்னை டொக்டர் அம்மா என்று பகிடி பண்ணுகிறார்.

நிவேதிக்கு இரட்டைப் பின்னல்தான். முழங்கை வரைக்கும் வளர்ந்துவிட்டது. பெரியப்பாவின் சைக்கிளில் முன்னால் இருந்துதான் பள்ளிக்கூடம் போவாள். பின்னால் இருக்க மாட்டாளாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா
குணேஸ்வரி


குவைத்
10.04.2022

அன்புள்ள அக்காவுக்கு,

யசோ எழுதுவது. நான் சுகம். நீங்கள் எல்லோரும் சாப்பிடுகிறீர்களா என்ற யோசனைதான் எனக்கு. இங்கே மேசையில் மிஞ்சுவதைக் குப்பையில் கொட்டும்போது கை கூசுகிறது.

டிவியில் நம் நாட்டைக் காட்டினால் மேடம் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். வரிசையில் நிற்கிற முகங்களுக்குள் உங்களைத் தேடுவேன்.

அரிசி குறைவென்றால் இன்னொரு வழி இருக்கிறதே அக்கா. நாங்கள் இடம்பெயர்ந்து திரும்பி வந்த வருசம் பிள்ளையார் கோயிலுக்குப் பின்னாலிருக்கிற மேட்டில், பாலை மரத்தடியில் வள்ளிக்கிழங்கு கிண்டிச் சாப்பிட்டோமே. அம்மாவும் நீங்களும் கிண்டினீங்கள், நான் ஓலைக் கடகம் பிடித்தேன். அந்தக் கொடி இன்னும் அங்கே இருக்கும். அத்தானிடம் அலவாங்கைக் கொடுத்துக் கிண்ட அனுப்புங்கோ. அவித்துச் சம்பலோடு கொடுத்தால் நிவேதியும் சாப்பிடுவாள்.

ஊருக்குப் போகிற ஒருவரிடம் நிவேதிக்குத் தலைக்குக் குத்துகிற கிளிப் கொடுத்துவிட்டிருக்கிறேன். வண்ணத்துப்பூச்சி மாதிரி இருக்கும். பின்னலில் குத்திவிடுங்கோ.

உங்கள் பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
யசோ


கட்டைபறிச்சான்
25.06.2022

யசோ,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இதை எங்கேயாவது குந்தி இருந்து படி.

அத்தான் எங்களை விட்டுப் போய்விட்டார். வைகாசி மாதம் வயிற்றோட்டமும் வாந்தி சத்தியுமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூன்றாம் நாள் முடிந்துவிட்டது. முப்பத்தோராம் நாள் அந்திரட்டியும் செய்து முடித்துவிட்டோம். இன்ஷாப்பின் போனுக்குச் சொல்லிவிடலாம் என்று இலட்சுமி அக்கா சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். நீ அந்த வீட்டில் ஆரிடம் சொல்லி அழுவாய்?

நிவேதி சுகம். தலையில் பேன் கூடிப் போனதால் மொட்டை அடித்துவிட்டேன். உன் கிளிப் வந்து சேர்ந்தது. வைத்திருக்கிறேன்.

வேறு எழுத ஏலவில்லை.

குணேஸ்வரி


குவைத்
20.07.2022

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவே வாய் வரவில்லை.

கடிதத்தைக் குளியலறைக்குள் நின்று படித்தேன். தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அத்தான் எனக்குத் தகப்பன் மாதிரி. அவரைத் தூக்கும்போது நான் ஒரு பிடி அரிசிகூடப் போடவில்லையே. வயிற்றோட்டத்தில் ஒரு மனிசன் மூன்று நாளில் போவாரா அக்கா? என்ன சாப்பிட்டவர்? டொக்டர் என்ன சொன்னவர்? நீங்கள் ஒன்றும் எழுதவில்லை.

நிவேதிக்கு ஏன் மொட்டை? எனக்குப் பேன் வந்த காலத்தில் நீங்கள் வேப்பெண்ணெய் வைத்து, மடியில் படுக்க வைத்து, பொறுமையாக வாரி எடுத்தீங்களே. ஒரு மயிரைக்கூட வெட்ட விடவில்லை.

இலட்சுமி அக்காவின் மகளிடம் படம் எடுக்கிற போன் இருக்கிறதல்லவா? நிவேதியை ஒரு படம் எடுத்து இன்ஷாப்பின் போனுக்கு அனுப்பச் சொல்லுங்கோ. மொட்டையாக இருந்தாலும் பரவாயில்லை. அவளையும் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கோ.

தனிய இருந்து யோசிக்காதீர்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கோ.

யசோ


கட்டைபறிச்சான்
18.08.2022

அன்புத் தங்கை யசோவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உனக்கும் சுகம்தானே?

படம் அனுப்பவில்லை என்று கோபிக்காதே. கரண்ட் நேரத்துக்கு நேரம் நிற்கிறது, போன் சார்ஜ் ஏறுவதில்லை. நிவேதி எழுத மாட்டேன் என்கிறாள். பிறகு எழுதுவாள். டொக்டர் வயிற்றில் நஞ்சு ஏறிவிட்டது என்று மட்டும் சொன்னார். போனவரைப் பற்றி இனிக் கேட்டு என்ன?

மழை இல்லை. மாடு இரண்டும் சுகம்.

குணேஸ்வரி


குவைத்
22.09.2022

அக்கா,

இன்ஷாப் லீவில் மூதூருக்குப் போய் நேற்றுத்தான் திரும்பி வந்தார். குப்பைப் பையை வாங்கும்போது மெதுவாகக் கேட்டார்: "தங்கச்சி, உங்கட மகளுக்கு முடி வளந்திட்டுதா? அசனா கேக்கச் சொன்னவ."

அசனா அவருடைய மனைவி. வைகாசி மாதம் ஆஸ்பத்திரியில் என்னுடைய பிள்ளைக்குப் பக்கத்துக் கட்டிலில் தன் தாயோடு இருந்தவராம். கார்த்திகைப்பூக் கிழங்கை அவித்துச் சாப்பிட்டு வந்தார்கள், மனிசன் செத்துப்போனார், பிள்ளைக்குத் தலைமயிர் முழுக்கக் கொட்டிப்போனது என்று ஆஸ்பத்திரி முழுக்கத் தெரியுமாம். மூதூருக்குத் தெரியும். பெற்ற எனக்குத் தெரியாது.

பேன் என்று எழுதினீங்கள். மாடு சுகம் என்று எழுதினீங்கள்.

ஊரிலுள்ள பெண்களெல்லாம் உங்களிடம் கொண்டுவந்து காட்டிவிட்டுத்தான் சமைக்கிறார்கள் என்றீங்களே, உங்களுக்குக் கார்த்திகைப்பூக் கிழங்கு தெரியாதா? எங்கே கிண்டினீங்கள்? என்னுடைய பிள்ளை செத்திருந்தால் அதையும் அந்திரட்டி முடித்துவிட்டுத்தான் எழுதியிருப்பீங்களா?

இலங்கைத்துறையில் இருக்கிற தர்சிகா மச்சாளுக்கும் எழுதியிருக்கிறேன். அவர் வந்து கேட்டால் நிவேதியை அனுப்பிவிடுங்கோ. தகப்பனின் தங்கச்சி வீட்டில் இருக்கட்டும்.

யசோதரா


கட்டைபறிச்சான்
16.10.2022

அன்புத் தங்கை யசோவுக்கு,

உன் மகள் சுகமாக இருக்கிறாள். இதை உண்மையாக எழுதுகிறேன். இரத்தம் சோதித்த டொக்டர் இனிப் பயமில்லை என்று சொல்லிவிட்டார். தலையில் அறுகம்புல் மாதிரி மயிர் முளைத்திருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குத் துணி கட்டிக்கொண்டு போகிறாள்.

நடந்ததை எழுதுகிறேன்.

வைகாசியில் அரிசி முடிந்துபோனது. நானும் அத்தானும் காட்டில் ஓரிடத்தில் வள்ளிக்கிழங்கு கிண்டப் போனோம். வெயிலில் கொடியெல்லாம் காய்ந்து சுருண்டு கிடந்தது. ஓர் இலை இல்லை, பூ இல்லை. இலை இருந்திருந்தால் எனக்குத் தெரியும். வள்ளி இலை வெற்றிலை மாதிரி அகலம். கார்த்திகைப்பூவின் இலை ஒடுங்கி, நுனி சுருண்டு பக்கத்துக் கொப்பைப் பிடிக்கும். இரண்டு கொடியும் ஒரே பற்றைக்குள் பின்னிக் கிடந்திருக்கிறது. அத்தான் கிண்டக் கிண்ட நான் மண்ணைத் தட்டிக் கடகத்தில் போட்டேன். சில கிழங்கு விரல் தடிப்பில் முழங்கை மாதிரி மடிந்திருந்தது. கல்லிடுக்கில் வளர்ந்து வளைந்துவிட்டது என்று நினைத்தேன். பசி வந்தால் கண்ணும் ஒத்துப்போகும் யசோ.

அவித்தேன். சம்பல் இடித்தேன். மூவரும் குசினியில் இருந்தோம். நிவேதி ஒரு துண்டைக் கடித்துவிட்டுக் கசப்பில் முகத்தைச் சுளித்தாள்.

"பெரியம்மா, கைக்குது."

"கைக்காது. சம்பலோட சாப்பிடு."

"இல்ல, கைக்குது."

"அரிசி இல்லாத நேரத்தில செல்லங் கொஞ்சாத. சாப்பிடு."

அவள் அழுதுகொண்டு இன்னும் ஒரு துண்டு விழுங்கினாள். அத்தானுக்குப் பொறுக்கவில்லை. "பிள்ளையைப் பேசாத. ஏலாட்டி விடட்டும். இஞ்ச தா குஞ்சு" என்று அவளுடைய சாப்பாட்டுக் கோப்பையில் இருந்ததை எல்லாம் தன்னுடையதில் கொட்டிக்கொண்டார். ஒன்றையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். உன் மகள் உயிரோடு இருப்பதற்கு அதுதான் காரணம். அவர் போனதற்கும் அதுதான்.

பின்னேரம் சத்தி தொடங்கியது. மூவருக்கும்தான், கொஞ்சமாகச் சாப்பிட்டதால் எனக்குக் குறைவு. ஓட்டோவுக்குப் பெற்றோல் இல்லை. இலட்சுமி அக்காவின் மருமகன் மோட்டார் சைக்கிளில் முதலில் பிள்ளையையும் என்னையும் கொண்டுபோனார், பிறகு திரும்பி வந்து அத்தானை. என்னுடைய கோப்பையில் மிஞ்சிக் கிடந்த துண்டைக் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் டொக்டர் என்ன கிழங்கென்று கண்டுபிடித்தார். அத்தான் போகும்போதும் நான் பிள்ளையின் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். இரண்டு பேரில் ஒருவரிடம்தான் நிற்க முடிந்தது. ஒரு கிழமை கழிய அவளுடைய தலையைத் தடவினேன், பின்னல் கையோடு வந்துவிட்டது.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை ஆருக்கும் சொல்லவில்லை, டொக்டருக்குக்கூட. எனக்கும் கைத்தது யசோ. அவளுக்கு முன்னாலேயே நான் ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்துவிட்டேன். கைத்தது. இவ்வளவு பாடுபட்டுக் கிண்டியதைக் கொட்ட மனம் வரவில்லை. தெரிந்துகொண்டே கைக்காது என்று பிள்ளைக்குச் சொன்னேன். அவளுக்கும் அது தெரியும். நான் விழுங்கும்போது என்னுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியால் வந்த நாள் தொட்டு அவள் என் கையால் சமைத்ததைச் சாப்பிடுவதில்லை. கோபமில்லை, கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு எழும்பிப் போய்விடுவாள். மூன்று நேரமும் இலட்சுமி அக்கா வீட்டில்தான் சாப்பாடு. படுப்பது என் பக்கத்தில்.

தர்சிகா வந்து கேட்டார். நான் பிள்ளையின் உடுப்பெல்லாம் மடித்து வைத்துவிட்டேன். நிவேதிதான் போக மாட்டேன் என்றாள். "பெரியம்மா தனிய இருப்பா. நான் இஞ்சதான் இருப்பன். சாப்பாடு மட்டும் இலட்சுமி அன்ரி வீட்ட." தர்சிகா அழுதுவிட்டுப் போய்விட்டார். இனி நீ சொல்கிறபடி செய்கிறேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். என்னை நினைத்து வருந்தாதே.

குணேஸ்வரி


குவைத்
05.12.2022

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உங்கள் சுகத்தை வேண்டுகிறேன். பதில் எழுத இவ்வளவு நாள் பிந்தியது கோபத்தால் இல்லை. ஐந்தாறு தரம் எழுதிக் கிழித்துப்போட்டேன்.

நீங்கள் கைத்ததைக்கூட எழுதினீங்கள். எங்கே கிண்டினீங்கள் என்பதை மட்டும் "காட்டில் ஓரிடத்தில்" என்று எழுதினீங்கள். நான் கேட்டிருந்தேன், நீங்கள் சொல்லவில்லை. மேடத்தின் தாயாருக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டு இருக்கும்போது அது எனக்கு விளங்கியது. கோயிலுக்குப் பின்னால், பாலை மரத்தடியில். சித்திரையில் நான்தான் எழுதினேன். அத்தானிடம் அலவாங்கைக் கொடுத்து அனுப்புங்கோ என்று எழுதியதும் நான்தான்.

அதை நான் அறியக் கூடாது என்றுதானே பேன் என்றும் கரண்ட் என்றும் எழுதினீங்கள்? எனக்காக மாடு சுகம் என்று எழுதிய ஆளை, புருசனைப் பறிகொடுத்த ஆளை, அப்படி எழுதிவிட்டேனே.

நிவேதியை எங்கும் அனுப்ப வேண்டாம். ஒப்பந்தத்தை இனி நீட்ட மாட்டேன் என்று மேடத்திடம் சொல்லிவிட்டேன். பங்குனியில் வருவேன்.

உங்கள் தங்கை
யசோ


கட்டைபறிச்சான்
28.12.2022

அன்புத் தங்கை யசோவுக்கு,

இருவரும் நல்ல சுகம். நீ வருகிறாய் என்று சொன்னதும் நிவேதி புதுக் கலண்டரில் பங்குனி மாதத்தைக் கிழித்தெடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டாள்.

ஓம், அந்த மேடுதான். மறைத்தது உனக்காகத்தான். ஆனால் நீ எழுதியது வள்ளிக்கிழங்கு. நீ எழுதிய இடத்தில் வள்ளிக்கிழங்கும் இருந்தது. இலை பார்க்காமல் கிண்டியதும், வாய்க்குத் தெரிந்ததை மறைத்ததும் நான். உன் பங்கு என்று ஒன்று இதில் இல்லை. இருக்கிறதென்று நீ அழுதால் அத்தானுக்கும் பொறுக்காது. இனி இதைப் பற்றி எழுதாதே.

கார்த்திகை மழைக்கு அந்தக் கொடி எல்லாம் துளிர்த்துவிட்டது. மேடு முழுக்க நெருப்புப் பிடித்த மாதிரிச் சிவப்பும் மஞ்சளுமாகப் பூ. சண்டையில் போன பிள்ளைகளை நினைக்கிற அந்த மாதத்தில் இந்த ஊரில் அந்தப் பூவை ஆரும் சும்மா பார்ப்பதில்லை, உனக்குத் தெரியும். நான் பூவுக்காகப் போகவில்லை. பூ நிற்கும்போதே இடத்தை அடையாளம் பண்ணிவைக்க வேண்டும் என்று நினைத்தேன். பூ உதிர்ந்து கொடி காய்ந்தால் எவருக்கும் வித்தியாசம் தெரியாது. எனக்கே தெரியவில்லை.

கல் பொறுக்கிச் சுண்ணாம்பு பூசினேன். இலட்சுமி அக்காவும் இன்னும் சில பெண்களும் சேர்ந்து வந்தார்கள். கொடி நிற்கிற இடமெல்லாம் ஒவ்வொரு வெள்ளைக் கல்லைப் பாதி புதைத்தோம். வெள்ளைக் கல் நிற்கிற இடத்தில் ஆரும் அலவாங்கு போடக் கூடாது என்று பிள்ளைகளுக்கும் சொல்லிவிட்டோம்.

நிவேதியும் வந்து நின்றாள். கேட்டாள்: "பெரியப்பாவைக் கொன்றது இந்தப் பூவா?"

"ஓம்."

"இவ்வளவு வடிவா இருக்கே."

"வடிவுதான்."

அவளும் ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பாரமான கல். தானே கிண்டிப் புதைத்தாள். வீட்டுக்கு வந்து கை கழுவிவிட்டு இலட்சுமி அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டாள்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அக்கா


கட்டைபறிச்சான்
24.01.2023

அன்புத் தங்கை யசோவுக்கு,

இங்கே சுகம். உன் பதில் வர முதல் எழுதுகிறேன், பொறுக்க ஏலவில்லை.

தைப்பொங்கலுக்குப் பிறகு இலட்சுமி அக்கா வீட்டார் எல்லோரும் டவுனில் ஓர்ஸ் ஹில்லில் இருக்கிற மகன் வீட்டுக்கு இரண்டு நாள் போய்விட்டார்கள். நிவேதிக்குச் சாப்பிடப் போக இடமில்லை. காலையில் பழம் மட்டும் சாப்பிட்டாள். மத்தியானம் கொஞ்சம் அரிசி போட்டு, வேலியில் காய்த்த பாவற்காயைப் பால்விட்டுச் சமைத்தேன். குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வா என்று நான் கூப்பிடவில்லை. அவளாக வந்தாள். சட்டிக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தாள்.

"கைக்குது" என்றாள்.

பாவற்காய் கைக்கத்தான் செய்யும் யசோ. அது அவளுக்கும் தெரியும், எத்தனையோ தரம் சாப்பிட்டிருக்கிறாள். நான் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். அவள் என்னுடைய முகத்தைப் பார்த்தாள். அன்றைக்கு மாதிரியே.

"ஓம் குஞ்சு, கைக்குது" என்று சொல்லிவிட்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வாழையடியில் கொட்டினேன். எண்ணெய், தேங்காய்ப்பால், அவ்வளவும். ஒரு சொல் அவளைப் பேசவில்லை. திரும்பி வந்து சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

வேறு கறி இல்லை. வெறுஞ்சோறுதான் இருந்தது. உப்பும் கொஞ்சம் தேங்காய்ப்பூவும் போட்டுப் பிசைந்து எனக்கென்று ஒரு கோப்பையில் வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தேன். அவள் வந்து முன்னால் இருந்தாள். வாயைத் திறந்தாள்.

நான் அவசரப்பட்டு ஊட்டியதில் முதல் பிடி அவளுடைய சட்டையில் கொட்டுண்டுவிட்டது. "பெரியம்மா, ஒழுங்காத் தாங்கோ" என்று பேசினாள். பிறகு கோப்பையில் இருந்த சோறு முழுவதையும் சாப்பிட்டாள். நான் அதற்குப் பிறகு உலை வைத்துச் சாப்பிட்டேன்.

நேரத்தோடு வந்து சேர். நல்லபடியாக வா.

அக்கா
குணேஸ்வரி